வீட்டில் அணைக்கும் ஃபேனை ஆபீஸில் ஏன் அணைப்பதில்லை? வேலையிடத்தில் சூழல் அக்கறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் 11 வருடம், அதன் பிறகு ஓர் அலுவலகக் கட்டடத்தின் நிர்வாகத்தில் 7 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். மின்சாரம், தண்ணீர், குப்பை மூன்றும் இரண்டு இடத்திலும் என் பொறுப்பில் இருந்தன. மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள், சிறு கம்பெனி நடத்துபவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் அனுபவத்தோடு, இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டுபிடித்ததையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வீட்டில் ஃபேனை அணைக்காமல் வெளியே வராதவர், ஆபீஸில் மட்டும் ஏன் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்?

எல்லாரும் முதலில் சொல்லும் பதில், "அவர் காசு இல்லையே" என்பது. அதில் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் மொத்தக் கணக்கே மாறிவிடும் என்பது படிக்காத பாட்டிக்குக்கூடத் தெரியும். கணக்கெடுக்க ஆள் வரும் வாரத்தில் வீட்டில் எல்லாரும் மீட்டரை எட்டிப் பார்ப்பார்கள். ஆபீஸ் மீட்டர் எங்கே இருக்கிறது என்றுகூட அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது.

ஆனால் காசு மட்டும் காரணம் என்றால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் கவனித்த வரையில் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஸ்விட்ச் போர்டு. ஒரே பலகையில் 12 ஸ்விட்ச், எது எந்த விளக்குக்கு என்று எழுதியிருக்காது. ஒன்றைத் தட்டினால் மூலையில் உட்கார்ந்து கணக்கு முடித்துக்கொண்டிருப்பவரின் தலைக்கு மேல் இருட்டாகிவிடும். அவர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்குப் பிறகு அந்த ஆள் ஸ்விட்ச் பக்கமே போக மாட்டார். இன்னொன்று, உரிமை. "நான் யார் இதை அணைக்க? செக்யூரிட்டி பார்த்துக்கொள்வார்" என்று இவர் நினைப்பார். "சார் திரும்பி வருவாரோ என்னவோ" என்று செக்யூரிட்டி நினைப்பார். விளக்கு விடிய விடிய எரியும்.

எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் மேலே சின்னத் தாளில் 'ஜன்னல் ஓரம்', 'நடு வரிசை', 'பிரிண்ட்டர் மேலே' என்று எழுதி ஒட்டினோம். கடைசியாகக் கிளம்புபவர் அணைக்கலாம் என்று பொதுவில் சொல்லிவிட்டோம். அந்த அனுமதியைத் தவிர வேறு எந்தப் பிரச்சாரமும் செய்யவில்லை. மறு வாரமே இரவு ரவுண்டு போகும்போது வித்தியாசம் கண்ணில் பட்டது.

அப்படியானால் விழிப்புணர்வுக் கூட்டம், சுவரொட்டி எல்லாம் வீணா?

வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிலிருந்து தொடங்குவதுதான் தவறு.

ஒரு மனிதர் ஒன்றைச் செய்வாரா மாட்டாரா என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன என்று ஐசெக் அய்சன் என்ற உளவியலாளர் விளக்கினார். அது நல்லது என்று அவர் நினைக்க வேண்டும். தன்னைச் சுற்றி இருப்பவர்கள் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று தோன்ற வேண்டும். தன்னால் அதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையும் வேண்டும். சுவரொட்டி முதல் விஷயத்தை மட்டும்தான் தொடுகிறது. நம் ஊரில் மரம் வெட்டுவது நல்லது, தண்ணீரை வீணாக்குவது சரி என்று நினைக்கும் ஆளை நான் பார்த்ததே இல்லை. முதல் விஷயம் ஏற்கெனவே இருக்கிறது. குறைவது மற்ற இரண்டும்தான்.

ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எகெபார்க், எக்ஸ்ட்ரோம் என்ற இரண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு, 2016-ல் வெளியானது. ஊழியர்களில் ஒரு பகுதியினரிடம், காகிதத்தை மிச்சப்படுத்துங்கள், இருபக்கமும் அச்சடியுங்கள் என்று வேண்டுகோள் வைத்தார்கள். பயனில்லை. இன்னொரு பக்கம், யாரிடமும் எதுவும் கேட்காமல், பிரிண்ட்டரின் அமைப்பையே இருபக்க அச்சுக்கு மாற்றி வைத்தார்கள். வேண்டுமென்பவர் ஒருபக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், தடை கிடையாது. காகிதச் செலவு 15 சதவீதம் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு மக்கள் சோம்பேறிகள் என்று முடிவு கட்ட வேண்டாம். தலைக்கு மேல் வேலை இருக்கும்போது யாரும் பிரிண்ட்டர் அமைப்பைப் பற்றி யோசிப்பதில்லை. அவர்கள் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டால் அவர்களுக்கும் சிரமம் குறையும், காகிதமும் மிஞ்சும்.

ஏ.சி.யை எத்தனையில் வைப்பது என்று தினமும் சண்டை. என்ன செய்யலாம்?

இதிலும் தொடக்க நிலைதான், அதாவது யாரும் மாற்றாதவரை தானாக இருக்கும் அளவுதான், பாதி வேலையைச் செய்கிறது. இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏ.சி.க்கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 18-ல் இருந்து 24-க்கு வந்தால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் ஒரேயடியாக மாற்றினால் மக்கள் எதிர்ப்பார்கள். பாரிஸில் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் அலுவலகத்தில் குளிர்காலத்தில் ஹீட்டரின் தொடக்க நிலையை 1 டிகிரி குறைத்தபோது பெரும்பாலானோர் அப்படியே விட்டுவிட்டார்கள். 2 டிகிரி குறைத்தபோது குளிர் பொறுக்காமல் பலர் எழுந்து போய் மாற்றிவிட்டார்கள். நாங்களும் மாதத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றினோம். கூடவே சீலிங் ஃபேனை மெதுவாக ஓட விட்டோம். ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கும் இருக்கைகளை நகர்த்தினோம். தினமும் சண்டை போட்ட இருவரில் ஒருவர் அந்தக் காற்றுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர். அவருடைய பிரச்சினை வெப்பநிலையே இல்லை.

முதலாளி, மேலாளர் செய்வது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

நான் பார்த்ததில் இதற்கு இணையாக வேறு எதுவும் இல்லை. ஆனால் "முதலாளி" என்பதைவிட உடனே மேலே இருக்கும் ஆள் என்று சொல்வது சரியாக இருக்கும். ஷிஃப்ட் சூப்பர்வைசர், டீம் லீடர், பிரிவு அதிகாரி. எம்.டி. வருடத்துக்கு ஒருமுறை மேடையில் பேசுவார். சூப்பர்வைசரைத்தான் தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிறோம். அவர் எதைப் பார்த்துக் கோபப்படுகிறார், எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார் என்பதை வைத்துத்தான் இந்த இடத்தில் எது முக்கியம் என்று தொழிலாளி கற்றுக்கொள்கிறார்.

கனடாவைச் சேர்ந்த ஜெனிஃபர் ராபர்ட்சன், ஜூலியன் பார்லிங் இருவரும் மேலாளர்களையும் அவர்களுக்குக் கீழே வேலை செய்பவர்களையும் ஜோடி ஜோடியாக ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள். மேலாளர் தானே வேலையிடத்தில் சூழல் அக்கறையோடு நடந்துகொண்டு, அதைப் பற்றி ஊழியர்களிடம் மனம்விட்டுப் பேசியும் வந்தால், ஊழியர்களுக்கும் அந்த ஈடுபாடு தொற்றிக்கொள்கிறது, நடத்தையிலும் தெரிகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. தாமஸ் நார்ட்டனும் அவருடன் இருந்தவர்களும் 2014-ல் காட்டியதும் இதை ஒட்டியதுதான்: கம்பெனிக்கு எழுதப்பட்ட சூழல் கொள்கை இருப்பது மட்டும் போதாது. "எங்கள் இடத்தில் இதெல்லாம் உண்மையாகவே நடக்கிறது" என்ற எண்ணம் ஊழியர் மனதில் இருந்தால்தான் அந்தக் கொள்கை நடத்தையாக மாறுகிறது.

ஜப்பானில் 2005 கோடையில் 'கூல் பிஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அலுவலக ஏ.சி. 28 டிகிரியில் இருக்கட்டும், கோட்டும் டையும் இல்லாமல் வேலைக்கு வரலாம் என்றார்கள். கோட்டுப் போடாமல் மேலதிகாரி முன்னால் நிற்பது அந்த ஊரில் மரியாதைக் குறைவு. சுற்றறிக்கை அனுப்பினால் யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். பிரதமர் கொய்சுமி தானே டை இல்லாமல் வெளியே வந்தார். அதன் பிறகுதான் கீழே இருப்பவர்களுக்குத் தைரியம் வந்தது. நம் ஊரிலும் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு ஏ.சி.யை 18-ல் வைக்கும் கூட்ட அறைகள் இருக்கின்றன. சென்னை மே மாதத்தில் அதற்கு என்ன அவசியம் என்று மேலே இருப்பவர் ஒருவர் கேட்டால் போதும், மற்றவர்கள் நிம்மதியாகக் கழற்றி வைப்பார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரர் செய்தால் நாமும் செய்வோமா?

செய்வோம். அதை ஒத்துக்கொள்ள மாட்டோம், ஆனால் செய்வோம்.

அமெரிக்காவில் ஹோட்டல் அறைகளில் ஓர் ஆய்வு நடந்தது. துண்டை மறுபடி பயன்படுத்துங்கள், சூழலைக் காப்பாற்றுங்கள் என்று எழுதிய அட்டையைவிட, இங்கே தங்கியவர்களில் பெரும்பாலோர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள் என்று எழுதிய அட்டைக்குப் பலன் அதிகம். 'இதே அறையில் தங்கியவர்கள்' என்று எழுதியபோது இன்னும் அதிகம். நெருக்கம் கூடக் கூட வேகமும் கூடுகிறது. ஆகவே "நிறுவனம் முழுக்க இத்தனை சதவீதம்" என்பதைவிட "மூன்றாவது மாடியில் நாம்" என்று சொல்வது நன்றாக வேலை செய்யும்.

இதில் ஒரு குழி இருக்கிறது. "நம் ஆபீஸில் யாருமே குப்பையைப் பிரித்துப் போடுவதில்லை, வெட்கக்கேடு" என்று மின்னஞ்சல் அனுப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. அனுப்பியவர் திட்டியதாக நினைக்கிறார். படிப்பவருக்கோ, யாரும் செய்வதில்லை, நானும் செய்ய வேண்டாம் என்ற செய்திதான் போய்ச் சேரும். கலிஃபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் 2007-ல் வெளியான ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. உங்கள் தெருவின் சராசரியைவிட நீங்கள் குறைவாகத்தான் மின்சாரம் செலவழிக்கிறீர்கள் என்று சொன்னதும், அந்த வீடுகளில் செலவு ஏறிவிட்டது! கூடவே ஒரு சிரித்த முகத்தை வரைந்து அனுப்பிய வீடுகளில் அது ஏறவில்லை. நன்றாகச் செய்பவரிடம் கணக்கை மட்டும் காட்டாமல் ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும் என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

டீ கப் விஷயத்தில் தோற்றுப்போனோம். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தும் பேப்பர் கப்பே திரும்பி வந்துவிட்டது. ஏன்?

யார் கழுவுவது என்று யோசித்தீர்களா?

இந்தக் கேள்வியை நான் குறைந்தது பத்து அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். பத்திலும் பதில் ஒன்றுதான்: அவரவர் கழுவிக்கொள்ளலாம் என்று சொன்னோம். சரி, எங்கே கழுவுவது? கழிப்பறை வாஷ்பேசினில். அங்கே சாப்பாட்டுப் பாத்திரம் கழுவ யாருக்கு மனம் வரும்? இரண்டு நாளில் டம்ளரின் அடியில் டீ காய்ந்து கறுத்திருக்கும். மூன்றாம் நாள் பேப்பர் கப். பிறகு, விருந்தாளி வந்தால் வேண்டுமே என்று வாங்கி வைத்த கப் எல்லாருக்கும் ஆகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 200 பேர் இருக்கும் அலுவலகம், ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டீ என்றால் 400 கப். மாதம் 25 நாளில் 10,000 கப். பேப்பர் கப் என்று பெயரே தவிர, டீ ஒழுகாமல் இருக்க உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் இந்தப் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று. இது தெரியாமலேயே பல அலுவலகங்களில் "பிளாஸ்டிக்கை விட்டுப் பேப்பருக்கு மாறிவிட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

எங்கள் இடத்தில் டம்ளர் நிலைத்ததற்குக் காரணம் ஒரு சிங்க்கும் ஒரு ஆளும். கேன்டீன் பக்கத்தில் தனியாகச் சிங்க் போட்டோம். டீ கொண்டுவரும் அக்காவிடமே, டம்ளர்களை மொத்தமாக வாங்கி வெந்நீரில் கழுவிக் கவிழ்த்துவைக்கும் வேலையையும் கொடுத்து, அதற்காக இரண்டு மணி நேரச் சம்பளம் கூட்டிக் கொடுத்தோம். கப் வாங்கும் காசில் அந்தச் சம்பளம் வந்துவிட்டது. அந்த அக்காவின் நேரத்துக்கு விலை கொடுக்காமல், அவர் தலையில் வேலையை மட்டும் ஏற்றியிருந்தால் அது நியாயமும் இல்லை, நிலைத்திருக்கவும் மாட்டாது.

குப்பையைப் பிரித்துப் போட்டால் கடைசியில் எல்லாம் ஒரே வண்டியில் போகிறது என்கிறார்களே?

பல இடங்களில் உண்மை. ஊழியர்களின் மனதை இதைப்போல உடைக்கும் விஷயம் வேறு இல்லை. மூன்று மாதம் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி பார்த்துப் பார்த்துப் போட்டவர், ஒரு நாள் மாலை இரண்டையும் ஒரே மூட்டையில் கொட்டுவதைப் பார்த்துவிட்டால் அதோடு சரி. அதன் பிறகு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அவர் நம்ப மாட்டார். நம்பாமல் இருப்பது அவர் தவறும் இல்லை.

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையை உருவாகும் இடத்தில் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டன. ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களை அந்த விதிகள் தனி வகையாகப் பிரித்து, கூடுதல் பொறுப்பும் கொடுத்தன. ஆனால் தொட்டி வாங்குபவர்களில் பாதிப் பேர், அந்தத் தொட்டியிலிருந்து வண்டி வரை குப்பை எப்படிப் போகிறது என்று ஒருமுறைகூடக் கூடவே நடந்து பார்த்ததில்லை. தயவுசெய்து ஒரு நாள் நடந்து பாருங்கள். காகிதத்தை எடுக்கும் பழைய பேப்பர்காரர் யார், சாப்பாட்டு மிச்சம் எங்கே போகிறது, தூய்மைப் பணியாளரின் தள்ளுவண்டியில் இரண்டு பிரிவு இருக்கிறதா, அவருக்குக் கையுறை இருக்கிறதா என்று பாருங்கள். நான் அப்படி நடந்த முதல் நாளில்தான் எங்கள் அக்காக்களிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய பை என்பதே எனக்குத் தெரிந்தது. அவர்கள் பிரிக்காமல் கொட்டியது அலட்சியத்தால் இல்லை. நான் இரண்டாவது பையைக் கொடுக்கவே இல்லை.

பிறகு, காகிதம் விற்ற பணம் எவ்வளவு, அது யாருக்குப் போனது என்பதை மாதாமாதம் லிஃப்ட் பக்கத்தில் எழுதி வைத்தோம். அந்தப் பணம் முழுக்கத் தூய்மைப் பணியாளர்களுக்குத்தான். டிஃபன் பாக்ஸ் மிச்சத்தைக் காகிதத் தொட்டியில் கொட்டும் பழக்கம் அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. தன்னால் ஈரமாகிப்போன காகிதம் யாருடைய காசைக் குறைக்கிறது என்று அவர்களுக்கு இப்போது தெரியும்.

பரிசு கொடுக்கலாமா, அபராதம் போடலாமா?

அபராதம் பற்றி ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். வேலையிடம் பற்றியது இல்லை என்றாலும் பொருந்தும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையைக் கூப்பிடத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சின்ன அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. முன்பு ஆசிரியை காத்திருப்பாரே என்ற கூச்சம் இருந்தது. இப்போது காசு கட்டியாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பி வரவில்லை. க்னீசி, ரஸ்டிச்சினி என்ற இருவர் 2000-ல் எழுதியது இது. ஏ.சி.யை அணைக்காதவருக்கு 50 ரூபாய் என்று அறிவித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பரிசு பரவாயில்லை, ஆனால் ஆளுக்கு ஆள் போட்டியாக வைக்காமல் பிரிவுக்குப் பிரிவு வைப்பது நல்லது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடங்களில் கேரிகோ, ரீமர் என்ற இருவர் செய்த ஆய்வில், கட்டடத்தின் மின்செலவை மாதாமாதம் அங்கே வேலை செய்பவர்களுக்கு அனுப்பிய இடங்களில் செலவு 7 சதவீதம் குறைந்தது. சக ஊழியர் ஒருவரே எடுத்துச் சொல்லும் ஏற்பாடு இருந்த இடங்களில் 4 சதவீதம். பரிசே கிடையாது. நம் செலவு எவ்வளவு என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆலைத் தொழிலாளர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஆலைதான் என் சொந்த இடம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நூற்பாலையில் கம்ப்ரசர் காற்று, அதாவது அழுத்திக் குழாய் வழியாக மெஷின்களுக்கு அனுப்பும் காற்று, முக்கியமான செலவு. குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்து, காற்று 7 பார் அழுத்தத்தில் ஓடினால், அந்த ஒரு ஓட்டையால் வீணாகும் மின்திறன் சுமார் 3 கிலோவாட். மூன்று ஷிஃப்ட்டும் ஓடும் ஆலையில் ஒரு நாளைக்கு 72 யூனிட், வருடத்துக்கு 26,000 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழிக்கும் எட்டு வீடுகளின் முழு வருட மின்சாரத்தைவிட அதிகம், ஒரு பேனா முனை நுழையும் ஓட்டை வழியாக! கவனிப்பு இல்லாத ஆலையில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படியே போய்விடும்.

அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று மேலே ஏ.சி. அறையில் இருக்கும் பொறியாளருக்குத் தெரியாது. மெஷினோடு நிற்கும் தொழிலாளிக்குத் தெரியும். 'உஸ்' என்ற சத்தம் அவர் காதுக்கு நேரே கேட்கிறது. அவர் ஏன் சொல்வதில்லை? நான் வேலை பார்த்த ஆலையில் சம்பளத்தில் ஒரு பகுதி உற்பத்தியைப் பொறுத்தது. சொன்னால் ஃபிட்டர் வருவார், மெஷின் நிற்கும், அவருடைய அன்றைய கணக்கு அடிபடும். சொன்னவருக்கு நஷ்டம், சொல்லாதவருக்கு லாபம் என்று ஏற்பாட்டை நாமே செய்து வைத்துவிட்டு, பொறுப்பில்லாத ஆட்கள் என்று பேசுவது எனக்கு இன்றும் மனதை அறுக்கும் விஷயம். பழுதுக்காக நிற்கும் நேரத்தை அவர் கணக்கில் கழிக்கக் கூடாது என்று ஒரு மாற்றம் கொண்டுவர எனக்கு இரண்டு வருடம் ஆனது. வந்த பிறகு, ஓட்டை இருக்கும் இடத்தில் கட்டச் சிவப்பு ரிப்பன் கொடுத்தோம். ஒரே வாரத்தில் ரிப்பன் தீர்ந்து மறுபடி வாங்க வேண்டியிருந்தது.

அதோடு பதிலும் முக்கியம். ரிப்பன் கட்டி ஒரு மாதம் யாரும் வரவில்லை என்றால் அடுத்த ரிப்பனை யாரும் கட்ட மாட்டார்கள். மூன்று நாளுக்குள் சரிசெய்வது, முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று கட்டியவரிடமே போய்ச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். 3எம் நிறுவனம் 1975-ல் தொடங்கிய மாசுத் தடுப்புத் திட்டம் இத்தனை காலம் பேசப்படுவதற்கும், யோசனைகள் ஊழியர்களிடமிருந்து வந்து செயலாக மாறியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒட்டுமொத்த லீக்கை அளக்க நல்ல நாள் எது தெரியுமா? ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்க நிறுத்தும் நாள். மெஷின் எதுவும் காற்றை எடுக்காதபோது கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டால், அது எத்தனை நிமிடம் லோடு எடுத்து, அதாவது காற்றை அழுத்தி, ஓடுகிறதோ அத்தனையும் ஓட்டை வழியாகப் போகும் காற்று. சத்தமில்லாத ஷெட்டில் 'உஸ்' எங்கெங்கே வருகிறது என்று தேடிப் போவதும் சுலபம். பொரி கடலை வாங்கிக்கொண்ட கையோடு பழைய தொழிலாளர்கள் இருவர் எங்களோடு வரிசை வரிசையாக வந்து காட்டுவார்கள்.

சட்டமும் நீதிமன்றமும் ஊழியரின் பழக்கத்தை மாற்றுமா?

நேராக மாற்றாது, சுற்றி வந்து மாற்றும். திருப்பூரைப் பாருங்கள். சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்து, ஒரத்துப்பாளையம் அணையே சாயநீர்க் குட்டையாகி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரே வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திறக்க முடியும் என்ற நிலை வந்தது. அந்த முறையில் கழிவுநீரைச் சுத்திகரித்து, மிஞ்சும் உப்பு நீரை நீராவியில் கொதிக்கவைத்து வற்றவைக்க வேண்டும். அதற்கு எரிபொருள் செலவு கடுமையானது. முன்பு கூடுதலாக ஒரு தடவை துணியை அலசினால் தண்ணீர்க் காசு மட்டும் போகும். இப்போது அந்தத் தண்ணீரை வற்றவைக்கும் காசும் சேர்ந்து போகும். அதனால் அலசும் தொட்டியில் எவ்வளவு நீர் என்பதை மேஸ்திரி கவனிக்கத் தொடங்குகிறார். தீர்ப்பு தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்தது இந்தச் செலவு வழியாகத்தான்.

நெருக்கடி வந்தால் தானாகவே மாறிவிடுவார்கள் இல்லையா?

மாறுவார்கள். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றியபோது பழைய மகாபலிபுரம் சாலையில் சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லும் அளவுக்குப் போனது. அந்த மாதங்களில் ஒரு குவளைத் தண்ணீருக்குக்கூட மரியாதை இருந்தது. மழை வந்ததும் மறந்துபோனது. குழாய்த் தலையை மாற்றியவர்கள், ஏ.சி.யில் சொட்டும் நீரைச் செடிக்குத் திருப்பிவிட்டவர்கள் ஆகியோரிடம் மட்டும் பலன் தங்கியது. மக்கள் மனம் இளகியிருக்கும் அந்தச் சில வாரங்களுக்குள், பிறகு ஞாபகமே வைத்துக்கொள்ளத் தேவையில்லாத மாற்றங்களைச் செய்து முடித்துவிடுவது நல்லது.

இளைஞர்களுக்குத்தான் இதில் அக்கறை அதிகமா?

அப்படி ஒரு பேச்சு உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் வயது வித்தியாசம் மிகச் சிறியது என்கிறார்கள். பொருளை வீணாக்காமல் இருப்பதில் வயதானவர்கள் ஒரு படி மேலே என்றுகூடத் தெரிகிறது. ஒருபக்கம் அச்சான தாளைக் கிழித்துக் குறிப்புப் புத்தகம் தைத்து வைத்திருக்கும் பழைய கணக்கரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு நல்ல காரியம் செய்தபின் வேறொன்றில் தளர்ந்துவிடுகிறார்களே?

நடக்கும். அமெரிக்காவில் ஓர் அடுக்குமாடியில் தண்ணீர்ச் சிக்கனப் பிரச்சாரம் செய்தபோது தண்ணீர் 6 சதவீதம் குறைந்தது, அதே வீடுகளில் மின்சாரம் 5.6 சதவீதம் ஏறியது. ஒன்றை மட்டும் அளந்து மகிழாமல் தண்ணீர், மின்சாரம், குப்பை மூன்றையும் ஒரே பலகையில் எழுதுங்கள்.

நான் சாதாரண ஊழியர். எனக்கு அதிகாரம் எதுவும் இல்லை. எங்கே தொடங்குவது?

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள். மாலை 7 மணிக்கு எந்த விளக்கு எரிகிறது, மதியம் எவ்வளவு சாப்பாடு கொட்டப்படுகிறது, எந்தக் குழாய் ஒழுகுகிறது, பிரிண்ட்டர் பக்கம் எடுக்கப்படாத தாள் எவ்வளவு கிடக்கிறது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செக்யூரிட்டி அண்ணனிடமும் தூய்மைப் பணி செய்யும் அக்காவிடமும் உட்கார்ந்து பேசுங்கள். இரவில் கட்டடத்தைப் பார்ப்பவர் அவர். எது வீணாகிறது என்று கையால் தொட்டு அறிந்தவர் இவர். நான் பேசிய எந்த ஆலோசகரும் அவர்கள் அளவுக்கு எனக்குச் சொன்னதில்லை.

அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றை எடுங்கள். யாரும் சிரமப்படாமல், 500 ரூபாய்க்குள் முடியும் ஒன்று. ஸ்விட்சுக்குப் பெயர் எழுதுவது, பிரிண்ட்டர் அமைப்பை மாற்றச் சொல்லி ஐ.டி. தம்பியிடம் கேட்பது, ஒழுகும் குழாய்க்கு வாஷர் போடச் சொல்வது போல. உங்கள் நேர் மேலதிகாரியிடம் கோரிக்கையாகப் போகாமல், எண்ணிக்கையோடு போங்கள்: "சார், ஐந்து நாளில் ஐந்து நாளும் கூட்ட அறை ஏ.சி. இரவு முழுக்க ஓடியிருக்கிறது, செக்யூரிட்டி அணைக்கலாமா என்று கேட்கிறார், அணைக்கச் சொல்லவா?" இப்படிக் கேட்டபோது எனக்கு "வேண்டாம்" என்று சொன்ன அதிகாரி இதுவரை யாரும் இல்லை. அவர் சரி என்றதும் அன்று மாலையே செக்யூரிட்டி அண்ணனிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், அடுத்த நாளுக்குத் தள்ள வேண்டாம்.